‘வைட்டமின்’ என்று சொல்லிப் போடும் ஊசி

கேள்வி: டாக்டர், என் மகனுக்கு 19 வயது. ஜிம்முக்குப் போக ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. கடைசி மூன்று மாதத்தில் தோளும் மார்பும் மளமளவென்று ஏறிவிட்டன. துணி துவைக்கும்போது பேன்ட் பையில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு காலி ஆம்பியூல் (ஊசி மருந்து வரும் சிறு குப்பி) கிடைத்தது. கேட்டால், ‘மாஸ்டர் கொடுத்த வைட்டமின்மா’ என்கிறான். முதுகெல்லாம் பரு, தொட்டதற்கெல்லாம் கோபம். பயப்பட வேண்டியதா?
- வாசகி, ஈரோடு

பதில்: பயந்து உட்கார வேண்டாம், ஆனால் சும்மாவும் விட்டுவிடாதீர்கள் அம்மா. ஆம்பியூலில் உள்ள பெயரைப் படியுங்கள். டெஸ்டோஸ்டிரோன், நாண்ட்ரோலோன் என்றிருந்தால் அது அனபாலிக் ஸ்டீராய்டு, அதாவது தசையை வளர்க்கும் ஆண் ஹார்மோன் வகை மருந்து. (ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு வேறு வகை. இதைப் படித்துவிட்டு யாரும் இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள்.)

‘வைட்டமின்’ என்பது பழைய பொய். கிழக்கு ஜெர்மனியில் 1970, 80களில் பள்ளி வயது வீராங்கனைகளுக்கு நீல நிற ஸ்டீராய்டு மாத்திரைகளை இப்படிச் சொல்லித்தான் கொடுத்தார்கள். பதக்கங்கள் குவிந்தன, அந்தப் பிள்ளைகளுக்குக் குரல் தடித்தது, முகத்தில் முடி முளைத்தது. அந்நாட்டு விளையாட்டுத் துறையின் தலைவராக இருந்த மன்ஃப்ரெட் ஏவால்டை பெர்லின் நீதிமன்றம் குற்றவாளி என்று சொன்னபோது ஆண்டு 2000 ஆகிவிட்டது. அதிலும் கிடைத்தது நிறுத்திவைக்கப்பட்ட 22 மாதத் தண்டனைதான். எனக்கு இது இன்றும் ஆறவில்லை.

சரி, உங்கள் மகனுக்கு வருவோம். ஹார்மோன் வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால், மூளை ‘போதும்’ என்று விரைகளுக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும். விரை சுருங்கும், விந்தணு குறையும், சிலருக்கு மார்பு பெண்களுக்குப் போல வீங்கும். இதெல்லாம் தெரியவாவது தெரியும். வெளியே தெரியாமல் நல்ல கொழுப்பு இறங்கி, கெட்ட கொழுப்பு ஏறி, ரத்தம் கெட்டிப்பட்டு, இதயச் சுவர் தடித்துக்கொண்டிருக்கும், அவனோ கண்ணாடி முன்னால் நின்று கையை மடக்கிப் பார்த்துக்கொண்டிருப்பான்.

இன்னொன்று. ‘கோர்ஸை’ நிறுத்தியதும் உடம்பு தன் சொந்த ஹார்மோனைத் திரும்பச் சுரக்க மாதக்கணக்கில் ஆகலாம். அந்த நாட்களில் சோர்வும், படுக்கையை விட்டு எழ மனசில்லாத வருத்தமும் வரும். சிலருக்குத் தற்கொலை எண்ணம்கூட வரும். அதனால் திட்டி நிறுத்தவைத்துவிட்டு அவனைத் தனியே விடாதீர்கள். ஹார்மோன் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். கொழுப்பு, கல்லீரல், டெஸ்டோஸ்டிரோன் அளவு, இசிஜி, எக்கோ (இதய ஸ்கேன்) பார்க்கச் சொல்வார். ஊசியை நண்பர்களோடு மாற்றிப் போட்டிருந்தால் மஞ்சள்காமாலைக் கிருமிக்கும் எச்ஐவிக்கும் பரிசோதனை வேண்டும், இதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். அப்புறம், அந்தக் காலி ஆம்பியூலைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், கையோடு எடுத்துப் போங்கள்.