அடுப்படியை அளந்தவர்கள்

அன்புள்ள டீச்சர்,

நான் சுங்கை சிப்புட்காரன். இப்போது கோலாலம்பூரில் கணக்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். என் அம்மா உங்களிடம் நான்காம் ஆண்டு படித்தவர். எங்கள் தமிழ் மன்றத்தில் "பெருஞ்செல்வர்களின் சொத்துக்கு வரி விதிக்க வேண்டும்" என்று ஒரு விவாதம் வைத்திருக்கிறார்கள். எனக்குச் சில குழப்பங்கள். சம்பாதிக்கும்போதே வரி கட்டியவரிடம் சேர்த்து வைத்ததற்கும் கேட்பது இரட்டை வரி இல்லையா? கேட்டால் அவர்கள் சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போய்விட மாட்டார்களா? கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் அள்ளிக் கொடுக்கும் நம்மவர்களின் கை சுருங்கிவிடாதா? பங்கு, கம்பெனி, நகை, ஓவியம் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு ஆண்டும் விலை மதிப்பிடுவது நடக்காத காரியம் என்கிறார் எங்கள் விரிவுரையாளர். நான் ஆதரித்துப் பேசவா, எதிர்த்துப் பேசவா? நீங்கள் சொன்னால் சரியாக இருக்கும்.

பெயர் போட வேண்டாம் டீச்சர்.

*

தம்பி,

உன் அம்மாவை நினைவிருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். முப்பது வருஷத்தில் எத்தனை முகம். ஆனால் என்னிடம் படித்த பிள்ளையின் பிள்ளை ல, ள தடுமாறாமல் எழுதியிருக்கிறான். அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கியது. ஒன்றே ஒன்று: "ஒவ்வொரு ஆண்டும்" இல்லை, "ஒவ்வோர் ஆண்டும்". மேடையில் யாராவது பிடித்துக்கொள்வார்கள்.

வரும் கடிதங்களுக்கெல்லாம் நான் பதில் போடுவதில்லை. உன் கடிதத்தைத் திறந்த அன்று காலையில்தான் அம்மா வீட்டுக்குச் சுக்காய் பிந்து, அதாவது நகராட்சியின் வீட்டு வரி, கட்டிவிட்டு வந்திருந்தேன். ரசீது கைப்பையில் மடங்கிக் கிடந்தது. கையில் ரசீது, திரையில் உன் கேள்வி. எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அந்த "நம்மவர்கள்". கோடீஸ்வரர் பட்டியலில் தமிழ்ப்பெயர் ஒன்றைப் பார்த்தால் நமக்கு ஏன் இப்படி உச்சி குளிர்கிறது? கோபுரத்துக்குப் பணம் கொடுக்கிறாரா, கொடுக்கட்டும், கல்வெட்டில் பெயரும் போட்டுக்கொள்ளட்டும். அது அவர் மனசு வைத்தால் வரும் காசு. வரி மனசைக் கேட்டு வருவதில்லை. என் அம்மாவிடம் யாரும் மனசைக் கேட்கவில்லை. தர்மத்தையும் வரியையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதற்கா கணக்கியல் படிக்கிறாய்? இதற்கு மேல் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

ஓடிவிடுவார்கள் என்கிறாய். சிலர் ஓடத்தான் செய்வார்கள். நார்வே 2022இல் சொத்து வரியைக் கூட்டியதும் அங்கிருந்த பணக்காரர் சிலர் சுவிட்சர்லாந்துக்குக் குடிபோனார்கள். உன் எதிரணி இதைக் கட்டாயம் சொல்லும். நீ சொல்ல வேண்டியது, அந்தச் சுவிட்சர்லாந்திலும் சொத்து வரி உண்டு, மாநிலத்துக்கு மாநிலம் வசூலிக்கிறார்கள் என்பது. போகட்டும், ஆள் போனால் செம்பனைத் தோட்டத்தைப் பாயில் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டா போவார்? மரம் இங்கேதான் நிற்கும். குலை இங்கேதான் விழும்.

இரட்டை வரிக் கேள்விக்கு ஒரு வரிப் பதில் போதும். அம்மா வாங்கிய தகரத்திலும் வரி இருந்தது. அதை வைத்துக் கட்டிய அடுப்படிக்கு மறுபடியும் வரி வந்தது. அப்போது எந்த விரிவுரையாளரும் அந்தச் சொல்லை உச்சரிக்கவில்லை.

உன் கடிதத்தில் என்னை உட்காரவிடாமல் செய்தது நான்காவது கேள்வி. மதிப்பிட முடியாது, அளக்க முடியாது என்பது.

தம்பி, நீ பால்மரம், அதான் ரப்பர் மரம், வெட்டிப் பார்த்திருக்க மாட்டாய். உன் அம்மா பார்த்திருப்பார். எனக்குப் பதினோரு வயதில், பள்ளி விடுமுறை விட்டால் அம்மாவுக்குப் பால் பிடிக்கும் மங்கு துடைத்துக் கொடுக்க வெளிக்காட்டுக்குப் போவேன். நாலு மணிக்கு எழுந்து, இருட்டில் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, நிரைக்குப் போய், வெட்டி முடித்துப் பால் எடுக்கும்போது வெயில் ஏறியிருக்கும். காண்டா வாளியில் இரண்டு பக்கமும் பாலைச் சுமந்துகொண்டு ஸ்டோருக்கு ஓடுவோம். நடப்பது கிடையாது, ஓட்டம்தான். தாமதித்தால் பால் உறையும்.

ஸ்டோரில் கிராணி, அதாவது தோட்டக் கணக்கர், உட்கார்ந்திருப்பார். வாளியை நிறுப்பார், எழுதுவார். கதை அதோடு முடியாது. ஒரு கண்ணாடி மிதவையை எடுத்துப் பாலுக்குள் விடுவார். மெட்ரோலாக் என்று பெயர். பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று அது காட்டிவிடும். மிதவை ஆட்டம் நின்று நிலைக்கும்வரை அம்மா மூச்சுவிட மாட்டாள். காலையில் நாலு தூறல் விழுந்திருந்தால் போதும், கணக்கு இறங்கிவிடும். "ஒரு சொட்டு மழைத்தண்ணிய நம்மளால கண்டுபிடிக்க முடியாது, அந்தக் கண்ணாடிக்கு முடியும்டி" என்பாள். திட்டுகிறாளா, வியக்கிறாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தரையில் சிந்திக் காய்ந்த பாலையும் மங்கில் ஒட்டிய ஒட்டுப்பாலையும் தனியாக உரித்துச் சாக்கில் கொண்டுபோவோம். அதற்கு ஒரு நிறுவை, அதற்கு ஒரு விலை.

ஒருநாள் எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு பெரியம்மாவின் பாலில் மிதவை இறங்காமல் மேலே தூக்கி நின்றது. தண்ணீர் கலந்திருக்கிறாய் என்றார் கிராணி. அவர் கலக்கவில்லை. எங்கள் பக்கத்து நிரைதான், நாங்கள் பார்த்தோம். மழை கலந்தது. பெரியம்மா வாதாடவில்லை. காலி வாளியைக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அந்தத் தோட்டத்தின் முதலாளிக்குச் சொத்து எத்தனை கோடி என்று அப்போதும் யாருக்கும் தெரியாது, இப்போதும் தெரியாது. எங்கள் பாலில் எத்தனை சொட்டு மழை என்பது தெரிந்திருந்தது.

பிறகு தோட்டம் கைமாறியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய்த் தாமான் என்னும் வீடமைப்புக் குடியிருப்பு வந்தது. லயத்தைவிட்டு வெளியேறியவர்களோடு அம்மாவும் 25,000 வெள்ளிக்கு ஒரு மலிவு விலை வீடு வாங்கினாள். வங்கிக் கடன் என் பெயரில். அம்மாவுக்கு அந்த வீட்டின் சமையலறை பிடிக்கவில்லை. பின்னால் மீதியிருந்த இடத்தில் நாலு கம்பம் நட்டு, தகரம் போட்டு, விறகடுப்பு வைத்துக்கொண்டாள். ஒருநாள் இரண்டு பேர் நாடாவோடு வந்தார்கள். மரியாதையான பிள்ளைகள்தான். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து அடுப்படியை நீளம், அகலம் அளந்தார்கள். அம்மா கோப்பி கலக்கிக் கொடுத்தாள். விருந்தாளி என்று நினைத்திருக்கிறாள். சில மாதங்களில் கடிதம் வந்தது. ஆறு மாதத்துக்கு 32 வெள்ளியாக இருந்தது 47 ஆகிவிட்டது. ஆட்சேபம் சொல்ல நான்தான் போனேன். "கூரை இருக்கிறது, எனவே மதிப்பு இருக்கிறது" என்றார்கள்.

அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. தெருவிளக்கும் குப்பை லோரியும் அந்தக் காசில்தான் வருகின்றன. என் கோபம் உன் விரிவுரையாளர்மேல். சொத்துக்கு வரி என்றாலே ஏதோ பிரெஞ்சுக்காரன் நேற்றுக் கண்டுபிடித்த விபரீதம் மாதிரி பேசுகிறவர்கள்மேல். இந்த நாட்டில் ஒரு வீடு மட்டும் வைத்திருப்பவன் வருமானம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சொத்து வரி கட்டிக்கொண்டுதானே இருக்கிறான்? நகராட்சிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை சுக்காய் பிந்து. நில அலுவலகத்துக்கு ஆண்டுக்கு ஒரு முறை சுக்காய் தானா, அதாவது நிலவரி. நிலவரி கட்டாமல் விட்டால் பாரம் 6A என்ற நோட்டீஸ் வரும், அதற்கும் அசையாவிட்டால் நிலத்தையே எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வீடுகளின் மதிப்பை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை திருத்தலாம் என்று 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் சொல்கிறது. நாடு முழுக்க உள்ள வீடுகளை மதிப்பிட ஆள் இருக்கிறது, நாடா இருக்கிறது, படிவம் இருக்கிறது.

தோட்ட முதலாளியும் நிலவரி கட்டுகிறார் என்பாய். உண்மைதான். ஆனால் அம்மாவின் சொத்து முழுக்க அந்த நிலத்துக்கு மேலே தெரிந்தது. முதலாளியின் சொத்து காகிதத்தில் இருக்கிறது. அதை அளப்பதுதான் கஷ்டமாம். எது கஷ்டம்? புர்சா பங்குச் சந்தையில் பட்டியலிட்ட பங்குக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்கு விலை தெரிந்துவிடுகிறது, தகர அடுப்படிக்குத் தெரியாது. அதே பங்கை அடமானம் வைத்துக் கடன் கேட்டுப் போனால், வங்கிக்காரன் மதிப்புத் தெரியாது என்று கையை விரிக்கிறானா? கடன் வாங்கும்போது தெரிகிற விலை, வரி கட்டும்போது மறந்துபோகிறது. செத்தவர் சொத்தை மதிப்பிட்டு வரி வாங்கும் வழக்கம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இங்கே இருந்தது. 1991 நவம்பரில் எடுத்துவிட்டார்கள். அதுவரைக்கும் மதிப்பிட முடிந்ததே!

என் பக்கத்து வீட்டு மலாய் மாக்சிக்கைக் கேள். சேமிப்பு குறிப்பிட்ட அளவைத் தாண்டி ஒரு வருஷம் கையில் நின்றால் இரண்டரை விழுக்காடு ஜக்காத். தன் சேமிப்பைத் தானே கணக்குப் பார்த்துக் கொடுக்கிறார். வருமான வரி கட்டும்போது அதைக் கழித்துக்கொள்ளவும் சட்டம் விடுகிறது. அது அவருடைய கடமை, நான் அதற்கு உரை எழுத வரவில்லை. கையிருப்பைக் கணக்கிட்டு அதில் ஒரு பங்கு கொடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

அளக்க மனசில்லாமல் அளந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவைப் பார். கால்டர் என்ற பொருளியலாளரின் யோசனையைக் கேட்டு 1957இல் சொத்து வரிச் சட்டம் போட்டார்கள். 1993இலிருந்து பங்குகளை விட்டுவிட்டார்கள். வீடு, நிலம், கார், நகை போன்றவைதாம் மிச்சம். பெரும்பணம் எதில் இருக்கிறதோ அதை விட்டுவிட்டுச் சல்லடையில் தண்ணீர் மொண்டார்கள். 2013-14இல் நாடு முழுக்கக் கிடைத்தது 1,008 கோடி ரூபாய். வருமானம் குறைவு, வசூல் செலவு அதிகம் என்று சொல்லி 2015 பட்ஜெட்டில் அருண் ஜெட்லி அதை எடுத்தார். மேடையில் இதை உன்மேல் வீசுவார்கள். "பார், தோற்றுவிட்டது" என்பார்கள். சல்லடை யார் வாங்கி வந்தது என்று திருப்பிக் கேள்.

இப்போது உலகம் பேசுவது பிரெஞ்சுப் பொருளியலாளர் ஸுக்மனின் யோசனையை. பிரேசில் ஜி20 தலைமையில் இருந்தபோது, 2024இல், கேப்ரியேல் ஸுக்மன் எழுதிக் கொடுத்தார்: நூறு கோடி டாலருக்கு மேல் வைத்திருப்பவர்கள், உலகம் முழுக்கச் சுமார் மூவாயிரம் பேர், ஆண்டுக்குத் தங்கள் சொத்தில் 2 விழுக்காட்டுக்குச் சமமான வரியாவது கட்டட்டும், அதில் 20,000 கோடி முதல் 25,000 கோடி டாலர்வரை வரும் என்று. பிரான்சில் அதைப்போல ஒரு மசோதாவைக் கீழவை 2025 பிப்ரவரியில் ஏற்றது, மேலவை ஜூனில் தள்ளியது, அக்டோபரில் அதே கீழவையே வேண்டாம் என்றது. எட்டு மாதத்தில் மனசு மாறுகிறது, பார். நம் நாட்டில் மெதுவாகச் சுற்றி வருகிறார்கள். பட்டியலிடாத கம்பெனிப் பங்கை ஒரு கம்பெனி விற்றால் 2024 மார்ச்சிலிருந்து வரி. ஒருவரின் ஆண்டு டிவிடெண்ட் ஒரு லட்சம் ரிங்கிட்டைத் தாண்டினால், தாண்டியதற்கு 2025ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து 2 விழுக்காடு. விற்றால் வரி, வந்தால் வரி. விற்காமல் வைத்திருக்கிறவனிடம் பேச்சே இல்லை. அம்மா அடுப்படியை விற்கவும் இல்லை, அதில் ஒரு காசு வரவும் இல்லை.

எங்கள் ஊருக்கு 2008 முதல் 2018 வரை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த டாக்டர் ஜெயகுமாரின் மலேசிய சோசலிசக் கட்சி பெருஞ்செல்வர் சொத்து வரியைப் பல காலமாகக் கேட்டு வருகிறது. கோப்பிக் கடையில் அதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிப்பவர் இடுப்பில் கைலி, மடியில் கடன் அட்டை. பெரிய பணக்காரனுக்கு வலிக்குமே என்று இவருக்கு வலிக்கும். உனக்கும் கொஞ்சம் வலித்திருக்கிறது, கடிதத்தில் தெரிகிறது. பரவாயில்லை, இருபது வயதில் எனக்கும் தோட்டத் துரையின் கார் அழகாகத்தான் தெரிந்தது.

ஆதரிப்பதா எதிர்ப்பதா என்று கேட்டிருந்தாய். எந்தப் பக்கம் கிடைக்கிறதோ அந்தப் பக்கம் பேசு, பிள்ளைகளின் விவாதத்துக்கு நான் தீர்ப்புச் சொல்வதில்லை. உன் அம்மாவிடம் மெட்ரோலாக் பற்றிக் கேட்டுக்கொண்டு போ. அவர் பாட்டி வெட்டியிருப்பார், கட்டாயம் தெரிந்திருக்கும்.

சொல்ல மறந்தேன். அந்த அடுப்படி இப்போது இல்லை. அம்மா போன மறுவருஷம் அடித்த காற்றில் தகரம் பறந்து, கம்பம் சாய்ந்து, நான் ஆள் வைத்து எல்லாவற்றையும் அள்ளிப் போட்டாயிற்று. அங்கே இப்போது ஒரு முருங்கை நிற்கிறது. பில்லில் மட்டும் 47 வெள்ளி அப்படியே இருக்கிறது. போய்ச் சொன்னால் வந்து அளந்து குறைப்பார்கள். ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கவுண்டர்வரை போகிறேன், கட்டிவிட்டு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
டீச்சர்