சென்னை வெயிலுக்கு காருக்கு எந்த கிரேடு ஆயில் போடணும், எப்போ மாத்தணும்?

கிரேடுங்கறது ஆயிலோட விஸ்காசிட்டியை சொல்ற நம்பர். விஸ்காசிட்டின்னா ஆயில் எவ்ளோ கெட்டியா ஓடுதுங்கறது, அவ்ளோதான். வெல்லப்பாகு மாதிரி, சூடா இருந்தா சரசரன்னு ஓடும், ஆறிட்டா இழுக்கும். டப்பால 5டபிள்யூ-30னு இருந்தா முதல் நம்பர் குளிர்ல ஓடறதுக்கு, அது குறைய குறைய குளிர்ல சீக்கிரம் ஓடும். ரெண்டாவது நம்பர் 100 டிகிரி சூட்டுல இருக்கற கெட்டித்தனம்.

இங்க நிறைய பேர் மே மாச வெயிலுக்கு கெட்டி ஆயில்தான் நல்லதுன்னு ரெண்டாவது நம்பர் 20 கேக்கற வண்டிக்கு 40 ஊத்திடறாங்க, தயவுசெஞ்சு வேணாம். வெளிய 30 டிகிரியோ 42 டிகிரியோ, தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் சேர்ந்து இன்ஜினை ஏறக்குறைய 90 டிகிரிலயே வச்சிருக்கும், அதுவும் புது இன்ஜின்ல பார்ட்ஸ் நடுவுல இடைவெளி ரொம்ப கம்மி, வால்வ் டைமிங்கை, அதாவது இன்ஜின் வால்வ் எப்போ திறந்து மூடணுங்கறதை, மாத்தறதே பல வண்டில ஆயில் பிரஷர்தான், அதனால கெட்டி ஆயில் போட்டா மைலேஜும் கொஞ்சம் அடிவாங்கும். மேனுவல்ல ரெண்டு மூணு கிரேடு குடுத்திருந்தா அதுல ஒண்ணை எடுங்க, அதுக்கு வெளிய போகாதீங்க.

மாத்தறது பல பெட்ரோல் கார்ல 10,000 கிலோமீட்டர் இல்லன்னா 1 வருஷம், எது முதல்ல வருதோ அது. ஆனா ஓஎம்ஆர் சிக்னல்ல நிக்கறப்ப மீட்டர் ஓடாது, இன்ஜின் ஓடிட்டே இருக்கும். தினமும் அப்படின்னா மேனுவல்ல கடினமான உபயோகத்துக்குன்னு போட்டிருக்கற குறைஞ்ச கணக்கைப் பாருங்க.

அப்புறம், ஆயில் கருப்பாயிட்டா கெட்டுப்போச்சுன்னு அர்த்தமில்ல, கரியை பிடிச்சு வச்சிக்கறது அதோட வேலை, டீசல்ல மாத்தின கொஞ்ச நாள்லயே கருத்துடும்.