பாக்கி இருந்தால் நோயாளியைப் பிடித்து வைக்க முடியுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 58 வயது. தாராபுரம் பக்கம் டூவீலரில் வந்தபோது கார் மோதி தலையில் அடிபட்டுவிட்டது. அங்கிருந்தவர்கள் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். 50,000 ரூபாய் கட்டிய பிறகுதான் ஐ.சி.யு.வுக்குள் கொண்டுபோனார்கள். இன்றோடு 9 நாள். இதுவரை 2.6 லட்சம் கட்டிவிட்டோம், இன்னும் 1.7 லட்சம் பாக்கி என்கிறார்கள். கோவை அரசு மருத்துவமனைக்கு மாற்றிக்கொள்கிறோம் என்றால், பாக்கியைக் கட்டாமல் டிஸ்சார்ஜ் கிடையாது, கேஸ் ஷீட்டும் தர மாட்டோம் என்கிறார்கள். ராஜஸ்தானில் இதற்குச் சட்டமே இருக்கிறதாமே, நம் மாநிலத்தில் இல்லையா? முதல்வர் காப்பீட்டு அட்டை வீட்டில் இருக்கிறது. இப்போது அது பயன்படுமா?

பதில்: முதலில் உங்களுக்கு உடனே வேண்டிய பதிலைச் சொல்லிவிடுகிறேன் அம்மா. பாக்கிக்காக உங்கள் அப்பாவைப் பிடித்து வைக்க எந்த மருத்துவமனைக்கும் அதிகாரம் கிடையாது. பில் என்பது கடன். கடனை வசூலிக்க அவர்கள் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம், நோட்டீஸ் அனுப்பலாம். மனிதரை அடமானமாக வைத்துக்கொள்ள முடியாது. வெளியே போக விடாமல் தடுத்தால் அது பாரதிய நியாய சம்ஹிதை என்ற குற்றவியல் தண்டனைச் சட்டத்தின் 127-வது பிரிவில் வரும் குற்றம், ஒருவரை முறையின்றி அடைத்து வைத்தல். தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்து மத்திய சுகாதார அமைச்சகம் 2019-ல் மாநிலங்களுக்கு அனுப்பிய நோயாளிகள் உரிமைப் பட்டயமும், பணத் தகராறைக் காரணம் காட்டி நோயாளியையோ இறந்தவர் உடலையோ நிறுத்தி வைக்கக்கூடாது என்றே சொல்கிறது.

ஆனால் நாளைக் காலை கவுன்டரில் போய் இதைச் சொன்னால் மட்டும் வேலை நடக்காது. நுகர்வோர் ஆணையங்களில் மருத்துவமனை வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் என்ற முறையில் நான் பார்த்தது இதுதான்: சண்டையை பில்லில் ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் தோற்கிறார்கள். கேஸ் ஷீட்டில் ஆரம்பியுங்கள்.

சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது 2002-ம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளில் இருக்கிறது. பாக்கி இருந்தால் தரவேண்டாம் என்று அதில் எங்கும் இல்லை. தராமல் இருப்பது அந்த மருத்துவரின் தொழில் ஒழுங்கீனம். இதற்குப் பதிலாக 2023-ல் வந்த புதிய விதிகள் சில வாரங்களிலேயே நிறுத்தி வைக்கப்பட்டுவிட்டதால் 2002 விதிகள்தான் நடப்பில் உள்ளன. 'அதெல்லாம் பழைய ரூல்ஸ்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வாயால் கேட்பது கேட்டதாகவே ஆகாது. ஒரு வெள்ளைத் தாளில் இப்படி எழுதுங்கள்: 'என் தந்தை (பெயர்), ஐ.பி. எண் (இன்னது), (இன்ன தேதி) முதல் தங்கள் மருத்துவமனையில் உள்நோயாளியாக இருக்கிறார். அவருடைய கேஸ் ஷீட், நர்ஸ்கள் எழுதும் சார்ட், ஸ்கேன் மற்றும் ரத்தப் பரிசோதனை முடிவுகள், மருந்துக் குறிப்புகள், ஏ.ஆர். காப்பி, நாங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவங்கள் ஆகியவற்றின் நகல்களை 72 மணி நேரத்துக்குள் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். நகல் எடுக்கும் செலவை நான் தருகிறேன். இன்று வரையிலான விரிவான பில்லையும் தரவும்.' தேதி, நேரம் இரண்டையும் போடுங்கள். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் சீலும் கையெழுத்தும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். அதே கடிதத்தை போனில் படம் எடுத்து மருத்துவமனையின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டு, பதிவுத் தபாலிலும் போடுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், ஒரு வழக்கில் நோயாளி இறந்து 4 மாதம் கழித்துத்தான் குடும்பத்தார் நகல் கேட்டார்கள். வந்த கேஸ் ஷீட்டில் 11 நாள் குறிப்புகளும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரு அடித்தல் திருத்தம் இல்லாமல் இருந்தன. ஐ.சி.யு.வில் நாளுக்கு மூன்று ஷிஃப்ட் நர்ஸ்கள் மாறுகிறார்கள், ஒரே கை எப்படி எழுதும்? பின்னால் எழுதியது என்று எங்களுக்குத் தெரிந்தது. அதை நிரூபிக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அப்பா உள்ளே இருக்கும்போதே கேட்டு வாங்கும் நகலுக்கு அந்தச் சந்தேகம் வராது.

ஏ.ஆர். காப்பி என்று மேலே எழுதியிருக்கிறேன். விபத்துப் பதிவேட்டின் நகல் அது. விபத்தில் அடிபட்டவரைச் சேர்த்ததும் எந்த நேரத்தில், யார் கொண்டுவந்தார்கள், எப்படி அடிபட்டது, நினைவோடு இருந்தாரா என்று டியூட்டி டாக்டர் எழுதுவது. 'ஏ.ஆர். போட்டாச்சா?' என்று முதலில் கேளுங்கள். போடவில்லை என்றால் போலீஸ் வழக்கே தள்ளாடும். முதல் தகவல் அறிக்கையின் நகலையும் ஸ்டேஷனில் வாங்கி வையுங்கள். புகார் கொடுத்தவருக்கு அதை இலவசமாகத் தரவேண்டும்.

50,000 கட்டிய பிறகுதான் ஐ.சி.யு. என்றார்களே, அது என்னைப் பதற வைக்கிறது. 1989-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பரமானந்த் கட்டாரா வழக்கு இதே மாதிரிதான் தொடங்கியது. ஸ்கூட்டரில் போனவர்மேல் கார் மோதியது. தூக்கிக்கொண்டு ஓடிய மருத்துவமனையில், 'இது போலீஸ் கேஸ், 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்கள்' என்று திருப்பி அனுப்பினார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது. அரசு மருத்துவராக இருந்தாலும் தனியாராக இருந்தாலும் உயிரைக் காப்பதுதான் முதல் கடமை, எந்த நடைமுறையும் அதற்குக் குறுக்கே வரக்கூடாது என்றது நீதிமன்றம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவும் விபத்தில் வந்தவருக்கு மருத்துவர் உடனே சிகிச்சை தரவேண்டும் என்கிறது. பணம் கட்டிய ரசீதில் நேரம் அச்சாகியிருக்கும். அதை ஏ.ஆர். காப்பியில் உள்ள நேரத்தோடு வைத்துப் பாருங்கள். எத்தனை நிமிடம் காக்க வைத்தார்கள் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

இன்னொன்றும் கேளுங்கள். தமிழ்நாட்டுச் சாலையில் விபத்து நடந்தால், அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டம் அது. வருமான வரம்பு கிடையாது, காப்பீட்டு அட்டையும் தேவையில்லை. அரசு மருத்துவமனைகளோடு பல தனியார் மருத்துவமனைகளும் அதில் இருக்கின்றன. அடுத்து, மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டம்: விபத்து நாளிலிருந்து 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை, பணம் கட்டாமல் சிகிச்சை. இரண்டிலும் பணம் மருத்துவமனைக்குத்தான் போகும், உங்கள் கைக்கு வராது. எனவே கடிதத்தில் ஒரு வரி சேருங்கள்: 'இந்த இரண்டு திட்டங்களிலும் தங்கள் மருத்துவமனை சேர்ந்துள்ளதா? சேர்ந்திருந்தால் என் தந்தையின் பெயரில் ஏன் பதியவில்லை?' சேர்ந்திருந்தும் உங்களிடம் பணம் வாங்கியிருந்தால், பாக்கி 1.7 லட்சம் என்ற பேச்சே தலைகீழாக மாறும்.

முதல்வர் காப்பீட்டு அட்டை இப்போதும் பயன்படும். ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கான திட்டம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ஆனால் அந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கவேண்டும், சிகிச்சைக்கு முன்அனுமதி வாங்கவேண்டும். முடிந்துபோன 9 நாள் செலவை அட்டையைக் காட்டித் திரும்ப வாங்குவது மிகக் கடினம். இனி வரும் சிகிச்சைக்கு முயலுங்கள். 1800 425 3993 இலவச எண். அட்டை எண்ணைச் சொல்லி, இந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். கோவை அரசு மருத்துவமனைக்குப் போனாலும் அட்டையை எடுத்துப் போங்கள்.

மாற்றுவது என்று முடிவெடுத்தால் ஒரு விஷயத்தில் மிகவும் கவனமாக இருங்கள். தலையில் அடிபட்டவரை நகர்த்தலாமா என்பதை மருத்துவர்தான் சொல்லவேண்டும், கோபம் சொல்லக்கூடாது. அந்தப் பக்கம் ஐ.சி.யு. படுக்கை இருக்கிறது என்று உறுதியான பிறகே கிளம்புங்கள். டிஸ்சார்ஜ் நேரத்தில் 'மருத்துவர் ஆலோசனையை மீறி அழைத்துச் செல்கிறோம்' என்று அச்சடித்த தாளை நீட்டுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். அதன் கீழே உங்கள் கையால், 'பணவசதி இல்லாததால் கோவை அரசு மருத்துவமனைக்கு மாற்றிக்கொள்கிறோம், சிகிச்சை தொடரும்' என்று எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். அதை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு நஷ்டஈடு கேட்கும்போது 'இவர்களாகவே கூட்டிக்கொண்டு போனார்கள்' என்று எதிர்த்தரப்பு அந்தத் தாளைத்தான் எடுத்து வீசும்.

சரி, நம் மாநிலச் சட்டம். ராஜஸ்தான் 2023 மார்ச்சில் சுகாதார உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. முன்பணம் கேட்காமல் அவசரச் சிகிச்சை தரவேண்டும், நோயாளியால் கட்ட முடியாவிட்டால் அரசு ஈடுசெய்யும் என்பது அதன் உயிர்நாடி. தனியார் மருத்துவர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். நம்மிடம் அப்படி ஒரு சட்டம் இல்லை. இருப்பது 1997-ன் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம். அதற்கான விதிகள் வந்தது 2018-ல், 21 ஆண்டு கழித்து. பதிவு, இடவசதி, பணியாளர், கருவிகள் என்று மருத்துவமனை எப்படி இருக்கவேண்டும் என்பதுதான் அதன் முக்கிய அக்கறை. நோயாளியை எப்படி நடத்தவேண்டும் என்பதில் அது பலவீனம். கர்நாடகம் 2017 திருத்தத்தில் நோயாளி உரிமைகளைச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. மேற்கு வங்கம் அதே ஆண்டு நோயாளிகளின் புகாரை விசாரிக்கத் தனி ஆணையம் அமைத்தது. அரசு மருத்துவமனைகளையும் காப்பீட்டையும் இவ்வளவு நன்றாக நடத்தும் தமிழ்நாட்டில், தனியார் மருத்துவமனை கவுன்டரில் நிற்பவருக்குக் கையில் பிடித்துக்கொள்ள ஒரு சட்டப்பிரிவு இல்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

அதனால் சட்டம் இல்லை என்று உட்காரவும் வேண்டாம். 1997 சட்டப்படி அந்த மருத்துவமனைக்குப் பதிவுச் சான்று தருவது மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர். ஜே.டி. ஆபீஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். கடிதத்தின் நகலோடு அங்கே புகார் கொடுங்கள். பதிவுச் சான்று கொடுத்த அதிகாரியிடமிருந்து ஒரு போன் போனால் பல கேஸ் ஷீட்டுகள் அன்று மாலையே வெளியே வந்துவிடும். அதே மனுவைத் திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுங்கள். மருத்துவரின் நடத்தை பற்றிய புகார் சென்னையில் உள்ள தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்கு. நேரடியாக வாசலில் தடுத்தால் 112-க்கு போன் செய்யுங்கள்.

பில் தகராறுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2 ஆண்டுக்குள் போடவேண்டும். நீங்கள் மருத்துவமனைக்குக் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. விரிவான பில் வந்ததும் மருந்துகளை வரிவரியாகப் பாருங்கள். ஒரே நாளில் எத்தனை ஜோடி கையுறை, எத்தனை சிரிஞ்ச் என்று எண்ணிப் பார்த்து, நர்ஸ் சார்ட்டில் உள்ள ஊசிகளோடு ஒப்பிடுங்கள். எம்.ஆர்.பி.க்கு மேல் விலை போட்டிருந்தால் தனியாகக் குறித்து வையுங்கள்.

உறவினர் யாரையும் கூட்டமாக அழைத்துப்போய்ச் சத்தம் போட விடாதீர்கள். மருத்துவமனை ஊழியர்களைத் தாக்குவதற்கும் பொருட்களை உடைப்பதற்கும் எதிரான 2008-ம் ஆண்டுச் சட்டம் நம் மாநிலத்தில் கடுமையானது, ஜாமீனில் வராத குற்றம். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது உங்கள் தம்பிமேல் ஒரு வழக்கு பதிவானால், பேச்சு அதைப் பற்றியே போய்விடும். அதோடு, இரவு முழுக்க உங்கள் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸுக்கும் இந்தப் பில்லுக்கும் சம்பந்தம் இல்லை.

கடைசியாக ஒன்று. மோதிய காரின் இன்சூரன்ஸ் நிறுவனத்திடமிருந்து மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நீங்கள் கட்டிய 2.6 லட்சமும் அதில் அடங்கும். விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போடவேண்டும் என்று சட்டத்திருத்தம் சொல்கிறது. அப்பா வீட்டுக்கு வந்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். அங்கே அசல் பில்களைக் கேட்பார்கள். ஒவ்வொரு ரசீதையும் தேதிவாரியாக ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். வெளியே மருந்துக்கடையில் வாங்கிய சீட்டு, ஆம்புலன்ஸ் ரசீது உட்பட. சில நாட்களில் மை மங்கிவிடும் தாள் என்பதால் அன்றன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். ஜே.டி. ஆபீஸுக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கும் நகல் மட்டும் கொடுங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும்.