கோப், கோபா, மனுக் குழு: கேட்ட கேள்விகளுக்குச் சில பதில்கள்

அரசாங்கச் சபை ஒன்றின் கணக்குப் பகுதியில் இருபத்தேழு வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். அதில் நான்கு தடவை கோப் குழுவுக்குக் கோப்புத் தயாரித்திருக்கிறேன். இலங்கைப் பாராளுமன்றக் குழுக்கள் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் நிறையக் கேள்விகள் வந்தன. பதில் தெரிந்தவற்றை எடுத்துக்கொண்டேன்.

காத்தான்குடியிலிருந்து: அண்ணன், கோப், கோபா இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? செய்தியில் மாறி மாறிச் சொல்கிறார்கள்.

யாருடைய கணக்கைப் பார்க்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம். கோபா என்பது அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு. அமைச்சுகள், திணைக்களங்கள், மாகாண சபைகள், மாநகர சபை, பிரதேச சபை எல்லாம் அதன் கீழ் வரும். கோப் என்பது அரசாங்கப் பொறுப்பு முயற்சிகள் பற்றிய குழு. கூட்டுத்தாபனங்கள், தனிச் சட்டத்தால் அமைக்கப்பட்ட நியதிச்சட்ட சபைகள், அரச கம்பனிகள், பல்கலைக்கழகங்கள் அதன் பக்கம். கோபா பிரித்தானியர் காலத்திலேயே இருந்தது. கோப் 1979 இல்தான் வந்தது.

நம்ம பக்கம் வைத்துச் சொன்னால், மட்டக்களப்பு மாநகர சபையும் கல்முனை மாநகர சபையும் கோபாவுக்குப் பதில் சொல்ல வேண்டும். வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகம், ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம், நெல் சந்தைப்படுத்தும் சபை, ஒலுவில் துறைமுகத்தைக் கட்டிய துறைமுக அதிகார சபை, இவை கோப் குழுவுக்கு.

அக்கரைப்பற்றிலிருந்து: ரீவியில் அதிகாரிகளை நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறார்கள். பிறகு ஒன்றுமே நடப்பதில்லை. ஒருத்தரையாவது உள்ளே போட முடியாதா, சேர்?

முடியாது. குழு நீதிமன்றம் இல்லை. 1953 ஆம் ஆண்டின் பாராளுமன்ற அதிகாரங்களும் சிறப்புரிமைகளும் சட்டத்தின்படி ஆட்களை அழைக்கலாம், ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லலாம். பொய்ச் சாட்சி சொன்னால் அது குற்றம். ஆனால் மோசடிக்குத் தண்டனை கொடுக்கும் அதிகாரம் குழுவுக்கு இல்லை. அறிக்கை எழுதிப் பாராளுமன்றத்துக்குச் சமர்ப்பிக்கும். அதற்கு எட்டு வாரத்துக்குள் உரிய அமைச்சர் பதில் தர வேண்டும் என்று பாராளுமன்றத்தின் நடைமுறை விதிகளான நிலையியற் கட்டளை சொல்கிறது.

அப்படியென்றால் பயன் என்ன என்று கேட்பீர்கள். நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். நான் வேலை செய்த சபையில் ஒரு பெரிய ஜெனரேட்டர் வாங்கினார்கள். அது பொருத்தப்படாமல் நாலு வருடம் களஞ்சியத்தில் படங்கு போர்த்திக் கிடந்தது. கணக்காய்வாளர்கள் ஒவ்வொரு வருடமும் ஐயவினா அனுப்புவார்கள். நாங்கள் ஒவ்வொரு வருடமும் 'நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது' என்று பதில் எழுதுவோம். அந்த வரியை மூன்று தடவை தட்டச்சு செய்தவன் நான்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. ஐந்தாம் வருடம் எங்கள் சபையைக் கோப் அழைத்தது. திகதி கிடைத்த நாளிலிருந்து ஆறு கிழமைக்குள் ஆட்கள் வந்து ஜெனரேட்டரைப் பொருத்திவிட்டுப் போனார்கள். குழுவில் அதைப் பற்றிக் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "எந்தத் திகதியில் இயங்கத் தொடங்கியது?"

குழுவின் பலம் அந்த அழைப்புக் கடிதத்தில்தான் இருக்கிறது. ரீவியில் நாம் பார்க்கும் சத்தத்தில் அது பாதிகூட இல்லை. எல்லாவற்றுக்கும் முன்னால், அரசாங்கக் கணக்குகளைச் சரிபார்க்கும் தலைமை அதிகாரியான கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் அறிக்கை வேண்டும். அது பலவீனமாக இருந்தால் உறுப்பினர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பிடித்துக் கேட்க ஒன்றும் கிடைக்காது.

மத்திய வங்கி முறிகள், அதாவது அரசாங்கம் கடன் வாங்க விற்கும் பத்திரங்கள், பற்றிய விவகாரத்தைப் பாருங்கள். 2015 பெப்ரவரி 27 ஏலத்தில் 100 கோடி ரூபாய்க்கு முறி விற்பதாக அறிவித்துவிட்டு 1000 கோடிக்கு ஏற்றுக்கொண்டார்கள். கணக்காய்வாளர் தலைமை அதிபதி அதை வரி வரியாக எழுதினார். அந்த அறிக்கையை வைத்துத்தான் சுனில் ஹந்துன்னெத்தி தலைமையிலான கோப் குழு 2016 ஒக்டோபரில் தன் அறிக்கையைச் சபைக்குக் கொண்டுவந்தது. ஆளும் தரப்பு உறுப்பினர் சிலர் அதில் அடிக்குறிப்புகள் சேர்த்தார்கள். அதைப் பற்றி நாடு முழுக்கப் பேச்சு. ஆனாலும் அறிக்கை நின்றது. அடுத்த வருடம் ஜனாதிபதி ஆணைக்குழு அமைக்கப்பட்டது.

இன்னொன்று, 2018 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் வந்த பிறகு, அரசுக்கு நட்டம் ஏற்படுத்திய அதிகாரியிடமிருந்தே அந்தப் பணத்தை அறவிட வழி இருக்கிறது. என் காலத்தில் இது இருந்திருந்தால் அந்த ஜெனரேட்டர் நாலு வருடம் கிடந்திருக்காது.

ஏறாவூரிலிருந்து: மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் எங்கள் வாய்க்கால் பிரச்சினையைச் சொன்னோம். எம்.பி.மார் இருந்தார்கள். அதுவும் பாராளுமன்றக் குழுதானே?

இல்லை தம்பி. மாவட்டச் செயலகமான கச்சேரியில் கூடும் அந்தக் குழு நிர்வாகத்தை ஒருங்கிணைப்பதற்கானது. எம்.பி.மார் இருப்பதால் அது பாராளுமன்றக் குழுவாகாது. அங்கே வாய்க்காலுக்குத் தீர்வு கிடைக்கலாம், அதற்காகப் போங்கள். ஆனால் சாட்சியை அழைக்கும் அதிகாரமோ சபைக்கு அறிக்கை வைக்கும் கடமையோ அதற்கு இல்லை.

வந்தாறுமூலை வளாக மாணவி: சட்டமூலம் 'குழுநிலையில்' திருத்தப்பட்டது என்கிறார்கள். அது எந்தக் குழு, ஐயா?

நல்ல கேள்வி மகள். அது முழுப் பாராளுமன்றமும்தான். 225 பேரும் குழுவாக அமர்ந்து வாசகம் வாசகமாகப் பார்ப்பதாகக் கணக்கு. உண்மையில் பல சட்டமூலங்களில் திருத்தங்கள் கடைசி மணித்தியாலத்தில் வாசிக்கப்பட்டு, தாள் கைக்கு வருவதற்குள் நிறைவேறிவிடும். நம் பாராளுமன்றத்தின் மிகப் பலவீனமான இடம் இதுதான் என்பது என் கருத்து.

இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்த 2024 ஜனவரி 24 இல் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை எடுங்கள். உயர் நீதிமன்றம் பல வாசகங்களைத் திருத்தச் சொன்னது. அவையெல்லாம் குழுநிலையில் உள்ளே போகவில்லை என்று எதிர்க்கட்சியும் மனித உரிமைகள் ஆணைக்குழுவும் சொன்னன. ஆனால் சபாநாயகர் கையொப்பமிட்டுச் சான்றுரை வழங்கிய பிறகு ஒரு சட்டத்தின் செல்லுபடியை எந்த நீதிமன்றத்திலும் கேள்விக்குட்படுத்த முடியாது. அரசியலமைப்பின் 80 ஆம் உறுப்புரை அது. குழுநிலையில் தவறினால் தவறினதுதான்.

ஒவ்வொரு துறையையும் கவனிக்கும் துறைசார் மேற்பார்வைக் குழுக்களும் அரசாங்க நிதி பற்றிய குழுவும் இதற்கு முன்பே சட்டமூலங்களைப் பார்க்க முடியும். எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஹர்ஷ டி சில்வா தலைமை வகித்த நிதிக் குழுவில் வரிக் கட்டளைகளைப் பற்றித் திறைசேரி அதிகாரிகளிடம் விரிவாகக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். மற்றத் துறைகளிலும் அப்படிக் கேட்டால் எவ்வளவு நல்லது.

மட்டக்களப்பு நகரிலிருந்து: 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பில் சியோன் தேவாலயத்தில் என் உறவினரை இழந்தேன். 2019 தெரிவுக்குழுவால் எங்களுக்கு என்ன கிடைத்தது?

இதற்குப் பதில் எழுதக் கை தயங்குகிறது அக்கா. தெரிவுக்குழு என்பது ஒரு விடயத்துக்கென்றே அமைக்கப்பட்டு, அறிக்கை வைத்ததும் முடிந்துபோகும் குழு. உயிர்த்த ஞாயிறு குழு பெருமளவு சாட்சியத்தை ஊடகங்களுக்கு முன்னால் கேட்டது. ஏப்ரல் 21 க்கு முன்பே வெளிநாட்டிலிருந்து புலனாய்வு எச்சரிக்கை வந்ததும், அது உரிய இடங்களுக்குப் போகாமல் தேங்கியதும் அதிகாரிகளின் வாயாலேயே பதிவாயின. அறிக்கை 2019 ஒக்டோபரில் வந்தது. நட்டஈடு உயர் நீதிமன்றத்தால்தான் வந்தது. 2023 ஜனவரியில் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பானது. குழு தந்தது ஒரு பதிவு. எனக்குத் தெரியாது என்று அந்த அதிகாரிகளில் யாரும் இனிச் சொல்ல முடியாது. உங்கள் இழப்புக்கு அது ஈடு என்று நான் சொல்லமாட்டேன்.

வாகரையிலிருந்து: மாகாண சபைப் பணத்தை யார் பார்க்கிறார்கள்?

கோபா பார்க்கலாம். ஆனால் அருகிலிருந்து கேள்வி கேட்க வேண்டிய கிழக்கு மாகாண சபை 2017 செப்டெம்பரில் காலம் முடிந்து கலைந்தது. அதற்குப் பிறகு இன்னும் தேர்தல் இல்லை.

திருக்கோவிலிலிருந்து: கணவரின் பென்சன் நிலுவை மூன்று வருடமாக இழுபடுகிறது. கோப் குழுவுக்கு எழுதலாமா, அண்ணா?

கோப் தனிப்பட்ட முறைப்பாடுகளை எடுக்காது தங்கச்சி. உங்களுக்குப் பொது மனுக்கள் பற்றிய குழுதான் சரி. மனுவை நீங்களே நேரே கொடுக்க முடியாது, ஒரு பாராளுமன்ற உறுப்பினர் ஊடாகத்தான் போக வேண்டும். எந்தக் கட்சி உறுப்பினராக இருந்தாலும் சரி. யாரும் கையொப்பமிட்டுத் தரவில்லையென்றால் ஒம்புட்ஸ்மனுக்கு, அதாவது நிர்வாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளருக்கு, நீங்களே நேரடியாக எழுதலாம்.

அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு எழுதி, உங்கள் கோப்பு இப்போது யார் மேசையில் இருக்கிறது, கடைசியாக எந்தத் திகதியில் நகர்ந்தது என்று கேளுங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் அறிவிக்க வேண்டும். அந்தப் பதிலின் பிரதியை மனுவோடு இணையுங்கள். கணவரின் சேவை இலக்கம், நியமனக் கடிதம், இதுவரை அனுப்பிய கடிதங்களின் பதிவுத் தபால் சீட்டுகள் எல்லாவற்றுக்கும் போட்டோக்கொப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூலப்பிரதியை யாரிடமும் கொடுக்க வேண்டாம்.