கைக்குழந்தையோடு வீட்டிலிருந்தே வேலை: வாசகர் கேள்வி பதில்

மஸ்கெலியா வாசகி: பிள்ளைக்கு 4 மாதம். யூடியூப் வீடியோவுக்கு லைக் போட்டால் ஒன்றுக்கு 150 ரூபாய் என்று வட்ஸ்அப்பில் செய்தி வந்தது. ஆறு வீடியோவுக்குப் போட்டேன். 900 ரூபாய் உண்மையாகவே என் கணக்குக்கு வந்துவிட்டது. இப்போது 10,000 கட்டினால் 13,000 தருவோம் என்கிறார்கள். நம்பலாமா?

கட்ட வேண்டாம், சகோதரி. அந்த 900 ரூபாய் தூண்டிலில் குத்திய புழு. 10,000 கட்டினால் 13,000 ஒருமுறை வரவும் கூடும். பிறகு டெலிகிராம் குழுவொன்றில் சேர்ப்பார்கள். அங்கே நாலைந்து பேர் "எனக்குக் காசு வந்துவிட்டது" என்று ரசீதுப் படம் போடுவார்கள். அவர்களும் அதே கூட்டத்து ஆட்கள்தான். அடுத்த டாஸ்க் 40,000, அதற்கடுத்தது ஒரு லட்சம். அவர்களுடைய இணையத்தளத்தில் உங்கள் பெயருக்கு நேரே இரண்டு லட்சம் இருப்பதாகக் காட்டும். எடுக்கப் போனால் வரி கட்டுங்கள், பிழையான பட்டனை அழுத்திவிட்டீர்கள், அதற்குத் தண்டம் கட்டுங்கள் என்பார்கள். திரையில் தெரிவது வெறும் இலக்கம், அதற்குப் பின்னால் காசு கிடையாது.

உங்களுக்கு வந்த 900 ரூபாய் வேறொரு ஏமாந்தவரின் பணமாகவும் இருக்கலாம். அவர் பொலிஸுக்குப் போனால் உங்கள் கணக்கும் விசாரணைக்குள் வரும். அதனால் வங்கியிடம் இன்றே விஷயத்தைச் சொல்லி வையுங்கள். உரையாடலை அழிக்காமல் ஸ்கிரீன்ஷொட் எடுத்த பிறகு அந்த இலக்கத்தைத் தடை செய்யுங்கள். "உங்கள் கணக்குக்குப் பணம் வரும், கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியை அனுப்புங்கள்" என்றால் எந்தக் காரணத்துக்கும் சம்மதிக்காதீர்கள். ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் முதலில் வங்கிக்கு, அடுத்து பொலிஸுக்குப் போக வேண்டும். இணையக் குற்றங்களைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கத்திலும் முறையிடலாம்.

ஆள் சேர்த்தால் கமிஷன் என்பது பிரமிட் திட்டம். வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவில் அது குற்றம். பென்சில் பொதி செய்யும் வேலை, பதிவுக் கட்டணம் 2,500 என்று வரும் விளம்பரங்களையும் சற்று யோசித்துப் பாருங்கள். தொழிற்சாலையில் இயந்திரம் செய்யும் வேலைக்காக, கூரியர் செலவு செய்து மஸ்கெலியாவுக்குப் பென்சில் அனுப்பி யாராவது திருப்பி எடுப்பார்களா? உழைக்கிறவர் வேலை தருகிறவருக்குக் காசு கொடுக்கிற வேலை எதுவும் வேலையே இல்லை.

பொகவந்தலாவை வாசகி: உயர்தரம் வரை படித்தேன். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் வேகமாகத் தமிழ் அடிப்பேன். பிள்ளைக்கு 6 மாதம். மாமியார் கொழுந்து எடுக்கப் போய்விடுவார், பகலில் நான் மட்டும்தான். எனக்கு எந்த வேலை சரிவரும்?

முதலில் ஒரு வாரம் ஒரு கொப்பியில், பிள்ளை தூங்கிய நேரங்களை மட்டும் குறித்து வையுங்கள். அநேகமாக ஒரு நாளில் இரண்டரை, மூன்று மணித்தியாலம்தான் தேறும், அதுவும் 40 நிமிடம், 50 நிமிடம் என்று துண்டு துண்டாக. அந்த அளவுக்குள் அடங்கும் வேலையைத்தான் எடுக்க வேண்டும். தொலைபேசியில் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் வேலை உங்களுக்கு இப்போது வேண்டாம். அழைப்பின் நடுவே பிள்ளை அழுதால் இரண்டு பக்கமும் கெடும். இடையில் நிறுத்திவிட்டு மீண்டும் தொடரக்கூடிய வேலைகளே பொருந்தும்: தட்டச்சு, மெய்ப்புப் பார்த்தல், ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்குதல்.

பாமினி தெரிந்தது நல்ல முதல். ஆனால் இன்று இணையத்துக்கான வேலை எல்லாம், எந்தக் கணினியிலும் போனிலும் ஒன்றுபோலத் தெரியும் யூனிகோட் எழுத்து முறையில்தான். பழைய பாமினிக் கோப்புகளை யூனிகோட்டுக்கு மாற்றித் திருத்துவதே தனியொரு வேலை. மாற்றும் மென்பொருள் கண்ணுக்குத் தெரியாத பிழைகளை விட்டுவிடும். "பௌர்ணமி" என்பதைப் பாருங்கள். ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ள எழுத்தும் சேர்ந்து "பெளர்ணமி" என்று நிற்கும். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், தேடினால் அகப்படாது. கோப்பைக் கொடுக்குமுன் "ெள" என்று தேடி ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுங்கள். "வெள்ளம்", "கெளுத்தி" போன்ற சரியான சொற்களும் அதில் வரும் என்பதால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடக் கூடாது. இந்தக் கவனம் உள்ளவரிடம்தான் அச்சகக்காரர் மறுபடியும் வேலை கொடுப்பார்.

ஒலிப்பதிவு வேலையில் புதியவர்கள் தவறுவது நேரக் கணக்கில். தெளிவான ஒரு மணி நேரப் பதிவை எழுத, பழகியவருக்கே நான்கு மணித்தியாலம் போகும். புதியவருக்கு ஆறும் ஆகலாம், பலர் சேர்ந்து பேசினால் இன்னும் கூடும். உங்களுக்கு அது இரண்டு முழு நாள். "நாளைக்கே வேண்டும்" என்றால் மறுத்துவிடுங்கள். விலை பேசுமுன் ஒரு பக்கம் அடித்து நிமிடம் பாருங்கள். பக்கத்துக்கு 100 ரூபாய் என்று ஒப்புக்கொண்டு 25 நிமிடம் எடுத்தால் மணிக்கு 240 ரூபாய்தான். மாதிரியாக ஒரு பக்கம் இலவசமாகச் செய்து காட்டலாம், பத்துப் பக்கம் கேட்டால் அது மாதிரி இல்லை. புது ஆளிடம் பாதிப் பணம் முன்னதாக வாங்கியே தொடங்குங்கள்.

வேலை தேட ஹட்டன், நுவரெலியா அச்சகங்கள், ஆய்வுக் கட்டுரை எழுதும் பல்கலைக்கழக மாணவர்கள், உள்ளூர்த் தொண்டு நிறுவனங்கள் என்று தெரிந்த இடங்களிலிருந்து தொடங்குங்கள். மாமியார் வீட்டில் இருக்கும் மாலை வேளையில் 5ஆம் தர மாணவர்களுக்கு ஒன்லைன் வகுப்பும் எடுக்கலாம். சூம் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் வகுப்பு நின்றுவிடும், பாடத்தை அதற்குள் அடக்குங்கள். வீடியோ வகுப்பு மணிக்குச் சுமார் 1 ஜிபி டேட்டா தின்னும். மழை நாளில் சிக்னல் விழுந்தால் ரவுட்டரை டவர் இருக்கும் பக்கத்து ஜன்னலில் வைத்துப் பாருங்கள்.

ஹட்டன் வாசகர்: மனைவி ஃபைவர் என்ற இணைய வேலைத் தளத்தில் டிசைன் செய்கிறார். பணம் எடுக்க, அதை வங்கிக்கு அனுப்பும் பேயோனியர் சேவையில் என் வங்கிக் கணக்கைக் கொடுத்தோம், நிராகரித்துவிட்டார்கள். தோட்டத்து லயன் வீட்டில் இருக்கிறோம், கரண்ட் பில்லும் எங்கள் பெயரில் இல்லை. முகவரிக்கு ஆதாரம் கேட்டால் எதைக் கொடுப்பது?

பேயோனியர் கணக்கு யார் பெயரிலோ வங்கிக் கணக்கும் அவர் பெயரிலேயே இருக்க வேண்டும். மனைவி பெயரில் தனியாகத் திறங்கள். அடையாள ஆவணத்திலும் வங்கியிலும் பேயோனியரிலும் ஆங்கில எழுத்து ஒன்றுபோல இருக்கட்டும். தகப்பன் பெயர் ஓரிடத்தில் ராமசாமி, இன்னோரிடத்தில் இராமசாமி என்று இருப்பதாலேயே பலரின் விண்ணப்பம் சிக்குகிறது.

முகவரிக்கு வங்கிக் கூற்று (ஸ்டேட்மென்ட்) போதும், அது ஆங்கிலத்திலேயே வரும். கணக்குத் திறக்கும்போது லயன் இலக்கம், டிவிஷன், தோட்டம், தபால் நகரம் என்று முழுமையாக எழுதி, அதையே பேயோனியரிலும் எழுத்துக்கு எழுத்து கொடுங்கள். வங்கி ஆதாரம் கேட்டால் கிராம உத்தியோகத்தர் சான்றிதழைப் பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்கிக் கொடுக்கலாம். ஃபைவர் 20 சதவீதம் கழிக்கும், புதியவருக்கு வேலை முடிந்து 14 நாளுக்குப் பிறகே பணம் விடுபடும். பால்மா வாங்கும் காசை அதை நம்பி வைக்காதீர்கள்.

பண்டாரவளை வாசகி: கடையொன்றில் கணக்கெழுதுகிறேன், பிரசவ விடுமுறையில் இருக்கிறேன். விலகிவிட்டு வீட்டிலிருந்து செய்யும் வேலை தேடலாமா?

கையில் வேலை இருக்கும்போது விலக வேண்டாம். உங்களுக்குச் சம்பளத்தோடு 84 நாள் விடுமுறை உண்டு. வாராந்த விடுமுறையும் போயா தினமும் அதில் சேராது. திரும்பிய பிறகு பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை கேட்கலாம், பிள்ளை பராமரிப்பு அறை இல்லாத இடத்தில் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். 40,000 சம்பளத்துக்கு முதலாளி போடும் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) 12 சதவீதமும் ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 சதவீதமும் சேர்ந்து மாதம் 6,000 ரூபாய். வீட்டிலிருந்து தனியாகச் செய்யும் வேலையில் அதை யாரும் போட மாட்டார்கள். கணக்கெழுதும் வேலை கணினியில் என்றால், வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து செய்ய மூன்று மாதத்துக்கு அனுமதி கேட்டு முதலாளிக்குக் கடிதம் எழுதுங்கள். எந்தெந்த வேலை எந்தெந்த நாளில் முடியும் என்று அதிலேயே குறித்து, பிரதியொன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.