சிங்கப்பூரில் இருந்துகொண்டே தொலைக்காட்சி மக்கள் தொடர்புத் துறைக்கு: என் பதில்

வணக்கம் சகோதரி. சிங்கப்பூரில் சரக்கு நிறுவனம் ஒன்றில் எம்ப்ளாய்மென்ட் பாஸில், அதாவது வெளிநாட்டினருக்கான வேலை அனுமதியில், இருக்கிறீர்கள். வார இறுதிகளில் தமிழ்த் தொடர்களுக்கு மக்கள் தொடர்பு வேலை செய்து, மெல்லத் துறை மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படித் தொடங்காதீர்கள். அந்தப் பாஸ் உங்களை வேலைக்கு எடுத்த நிறுவனத்துக்கு மட்டுமே செல்லுபடியாகும். வெளியே கூலிக்கு வேலை செய்தால் பாஸுக்கே ஆபத்து. புதிய நிறுவனம் விண்ணப்பித்து, அனுமதி வந்த பிறகுதான் மாற முடியும்.

அதுவரை கையைப் பழக்குங்கள். இங்குள்ள வசந்தம் தமிழ்த் தொலைக்காட்சியின் தொடர் ஒன்றை எடுத்து, முடிச்சை அவிழ்க்காமல் ஐந்து வரியில் கதைச் சுருக்கம் எழுதுங்கள். அதையே தமிழ் முரசு நாளிதழ் வாசகருக்கு ஒரு விதமாகவும், ஒலி 96.8 வானொலி அறிவிப்பாளர் வாய்விட்டுப் படிக்க வேறு விதமாகவும் மாற்றுங்கள். காதுக்கு எழுதுவது தனிக் கலை. வாக்கியம் நீண்டால் மூச்சு முட்டும்.

படக்குறிப்பில் மிகுந்த கவனம் வேண்டும். என் முதல் வருடத்தில் புகைப்படம் ஒன்றில் இடமிருந்து வலமாகப் பெயர்களைக் கொடுத்தபோது இரண்டு நடிகைகளின் பெயரை மாற்றிவிட்டேன். மறுநாள் அப்படியே அச்சாகிவிட்டது. அவர்களில் ஒருவருக்கு அதுதான் முதல் தொடர். அம்மாவுக்குக் காட்டப் பத்திரிகை வாங்கியிருந்தார். இன்றும் ஒவ்வொரு பெயரையும் விரல் வைத்துச் சரிபார்த்த பிறகே அனுப்புகிறேன்.

தீபாவளி நெருங்கினால் சிறப்பு நிகழ்ச்சிகளால் யாருக்கும் தலை நிமிர நேரம் இருக்காது. அதற்குப் பல மாதங்கள் முன்பே வேலைக்கு விண்ணப்பியுங்கள். எழுதிய சுருக்கம் ஒன்றை இங்கே போடுங்கள், திருத்தித் தருகிறேன்.