அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கக் கல்லூரியில் என்ன படிப்பது?

கேள்வி: இளங்கலை வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அருங்காட்சியகத்தில் வேலை பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. முதுகலையில் அருங்காட்சியகவியல் சேரலாமா, வரலாற்றையே தொடரலாமா? மீதமிருக்கும் கல்லூரி நாட்களில் என்ன செய்தால் பின்னால் கைகொடுக்கும்?

பதில்: அருங்காட்சியகவியல் சேரலாம், ஆனால் வரலாற்றைக் கைவிட்டுவிடாதீர்கள். ஒரு பொருளை எப்படிப் பாதுகாப்பது, எப்படிப் பதிவது, எப்படிக் காட்டுவது என்பதையெல்லாம் அருங்காட்சியகவியல் சொல்லிக்கொடுக்கும். அந்தப் பொருள் என்ன, ஏன் முக்கியம் என்பதற்கு உங்கள் மூலப் பாடத்திடம்தான் போக வேண்டும். பழைய நாணயத்தை எந்த ஈரப்பதத்தில் வைக்க வேண்டும் என்று தெரிந்தும், அதில் பொறித்திருப்பதைப் படிக்கத் தெரியாவிட்டால் பாதி வேலைதான் நடக்கும். அதனால் இளங்கலையை ஆழமாக முடியுங்கள். முடிந்தால் ஒரு பழைய எழுத்துமுறையையும் கற்றுக்கொள்ளுங்கள்.

எந்தக் கல்லூரி என்று தேடும்போது பட்டத்தின் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். மாணவர்கள் பொருள்களைக் கையில் எடுத்து வேலை செய்ய வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்று கேளுங்கள். நான் முதலில் பார்ப்பது இதைத்தான். 1925இல் அமெரிக்காவின் நியூவார்க் அருங்காட்சியகத்தில் அதன் நிறுவனர் ஜான் காட்டன் டேனா தொடங்கிய பயிற்சி வகுப்பு அங்கே வேலை செய்துகொண்டே கற்பதாகத்தான் இருந்தது. நூறு வருடம் ஆகியும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, எந்த வேலை என்று முடிவு செய்ய வேண்டும். உலக அருங்காட்சியகங்களின் கூட்டமைப்பான ஐகாம் 2022இல் பிராக் நகரில் ஏற்ற வரையறையில் ஐந்து செயல்கள் வருகின்றன: ஆராய்தல், சேகரித்தல், பாதுகாத்தல், விளக்குதல், காட்சிப்படுத்தல். ஐந்தும் ஐந்து விதமான ஆட்களைக் கேட்கின்றன. 'காப்பாட்சியர் ஆக வேண்டும்' என்று வரும் மாணவர்களில் பலருக்குப் பதிவேடு, கல்விப் பிரிவு, காட்சி வடிவமைப்பு என்றெல்லாம் வேலைகள் இருப்பதே தெரிவதில்லை.

இதில் பாதுகாப்புப் பணியை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்கு வேதியியல் கட்டாயம் வேண்டும். வெண்கலச் சிலையின் மேல் கெட்டியாக, வழவழப்பாகப் படிந்திருக்கும் கரும்பச்சையால் பொதுவாக ஆபத்தில்லை. ஆனால் வெளிர்பச்சையில் மாவு போலப் புள்ளிகள் கிளம்பி உதிர ஆரம்பித்தால் அது 'வெண்கல நோய்'. உலோகத்துக்குள் புகுந்த குளோரைடு, காற்றிலுள்ள ஈரத்தோடும் ஆக்ஸிஜனோடும் சேர்ந்து அமிலத்தை உண்டாக்கி உள்ளிருந்தே அரிக்கிறது. இந்தப் பாதைதான் உங்களை இழுக்கிறது என்றால் வேதியியல் தாள்களை இப்போதே எடுங்கள். பாதுகாப்பியல் முதுகலைகள் பலவற்றில் சேரும்போதே அதைக் கேட்பார்கள்.

மற்ற எந்தப் பிரிவுக்குப் போனாலும் பதிவேட்டு வேலை தெரிந்திருக்க வேண்டும். பார்க்கச் சலிப்பாக இருக்கும், ஆனால் அருங்காட்சியகத்தின் உயிர் அதில்தான். பொருள்களைக் கெடுக்கும் காரணிகளைக் கனடா நாட்டின் பாதுகாப்பு நிறுவனம் பத்தாக வகுத்திருக்கிறது. அடி, திருட்டு, தீ, தண்ணீர், பூச்சி, மாசு, வெளிச்சம், ஒவ்வாத வெப்பம், ஒவ்வாத ஈரப்பதம் ஆகிய ஒன்பதும் யாரும் ஊகிக்கக்கூடியவை. பத்தாவது, பொருளுக்கும் அதைப் பற்றிய தகவலுக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோவது.

அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு சேமிப்பறையில் ஒரு மரப்பெட்டி, உள்ளே சுடுமண் துண்டுகள். ஒவ்வொன்றிலும் நூல் கட்டியிருந்தது. நூலின் நுனியில் இருந்த சீட்டுகளை வெள்ளிப்பூச்சி தின்றுவிட்டது. துண்டுகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் எந்த அகழாய்வில், எந்தக் குழியில், எவ்வளவு ஆழத்தில் கிடைத்தவை என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அன்றைக்கு எனக்கு மனசே ஆறவில்லை.

இப்படி நடக்காமல் இருக்கத்தான் ஒவ்வொரு பொருளுக்கும் எண் கொடுக்கிறார்கள். பல இடங்களில் 2019.14.3 என்ற மாதிரி இருக்கும்: 2019இல் வந்த பதினான்காவது தொகுதியின் மூன்றாவது பொருள். மட்பாண்டம் போன்றவற்றில் கண்ணுக்கு உறுத்தாத இடமாகப் பார்த்து பேரலாய்டு பி-72 என்ற பிசினை மெல்லிசாகப் பூசி, காய்ந்த பிறகு அதன்மேல் மையால் எண்ணை எழுதி, மேலே இன்னொரு பூச்சு கொடுப்பார்கள். எண் அழியாது; வேண்டுமென்றால் அசிட்டோன் தொட்டுத் துடைத்து எடுத்துவிடவும் முடியும். இந்த வேலையை ஒரு மாதம் செய்தவருக்குப் பொறுமை தானாக வந்துவிடும்.

சரி, கல்லூரியில் இருக்கும்போதே என்ன செய்யலாம்? விடுமுறையில் ஏதாவது அருங்காட்சியகத்தில் தன்னார்வலராகச் சேருங்கள். கேட்கும்போது, வழிகாட்டியாக நிற்கும் வேலையைவிடச் சேமிப்பறை வேலையைக் கேளுங்கள். சிறிய இடமாக இருந்தால் இன்னும் நல்லது, எல்லா வேலையும் கைக்கு வரும்.

அதுவரை, வீட்டிலேயே ஒரு பயிற்சி. பழைய கைக்கடிகாரம், டார்ச் லைட் என்று ஏதாவது ஒன்றை எடுத்து அதற்கு நிலை அறிக்கை எழுதுங்கள். அளவு, எதனால் செய்தது, அடையாளங்கள், சேதம் எல்லாம் வர வேண்டும். 'கொஞ்சம் கீறியிருக்கிறது' என்று எழுதினால் யாருக்கும் உதவாது. 'மூடியின் இடது விளிம்பிலிருந்து 4 மி.மீ. தள்ளி, 11 மி.மீ. நீளத்துக்கு ஒரு கீறல். உள்ளே உலோகம் பளபளக்கிறது' என்று எழுதுங்கள். அப்புறம் அந்தப் பொருளைப் பார்த்திராத நண்பரிடம் அறிக்கையை மட்டும் கொடுத்துப் படம் வரையச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். ஒரு பொருளை இன்னொரு அருங்காட்சியகத்துக்கு இரவல் கொடுக்கும்போதும் இதே மாதிரி அறிக்கைதான் கூடவே போகும். திரும்பி வரும்போது சேதம் இருந்தால், அது எப்போது ஏற்பட்டது என்பதற்கு அதுதான் சாட்சி.

ஐகாமின் நெறிமுறைத் தொகுப்பையும் ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள். ஒரு பொருள் எங்கிருந்து, யார் கையிலிருந்து, எப்படி வந்தது என்று கேட்காமல் வாங்கக் கூடாது என்பதை இந்தத் தொழிலில் நுழையும் முன்பே மனதில் பதித்துக்கொள்வது நல்லது.

கடைசி ஆண்டில் ஆய்வுத் திட்டம் ஒன்று எழுதச் சொல்வார்கள் அல்லவா? ஒரு அரச வம்சத்தையோ ஒரு போரையோ தலைப்பாக எடுக்க வேண்டாம். நீங்கள் நேரில் போய்ப் பார்க்கக்கூடிய ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் செய்தவர், பயன்படுத்தியவர், கண்டெடுத்தவர், இந்த அலமாரிக்குக் கொண்டுவந்தவர் என்று கிடைக்கும் பதிவுகளை வைத்துப் பின்தொடர்ந்து நாற்பது பக்கம் எழுதுங்கள். நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது அதை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.